மூன்றாவது ஆள் பாலேஸ்வரி

சேலைத் தலைப்பை இழுத்து விசைப்பலகைக்கு மேலே மறைப்பாகப் பிடித்துக்கொண்டுதான் பாலேஸ்வரி தன் கடவுச்சொல்லை அடிப்பாள். அறையில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சுன்னாகம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான சிவக்கொழுந்து இதைப் பார்த்து ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

"பிள்ளை, உன்ரை பாஸ்வேட்டைக் களவெடுத்து நான் ஆருக்குச் சீதனம் குடுக்கப்போறன்?"

"களவெடுக்கிற ஆக்கள் சொல்லிப்போட்டே எடுக்கிறவை, அண்ணை?"

நாற்பது தாண்டியவள், கல்யாணம் கட்டாதவள். தட்டெழுத்தாளராகச் சேர்ந்தவள், நிவாரண நிறுவனத்துக்குக் கணினி வந்தபோது மற்றவர்கள் பின்வாங்க, "நான் பழகிறன்" என்று முன்னுக்கு வந்தாள். விரல் வேகம், வாய் அதைவிட வேகம். ஜெனரேட்டர் இருமத் தொடங்கினால், "நிண்டுபோகாதை ராசா, இந்த ஒரு வரி மட்டும்" என்று அதனோடும் கதைப்பாள். வெளிநாடுகளில் இருக்கும் பிள்ளைகளின் விலாசங்களைப் பதிந்துவைத்து, தாய் தகப்பனின் கடிதங்களைக் கொழும்பு வழியாக அனுப்புவது அவளுடைய பொறுப்பு.

ராணுவம் நெருங்கிவர, ஐப்பசி மழையில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு மாற்றுச்சேலையும், பதிவுகளைப் பிரதியெடுத்து, பால்மாத் தகரப் பேணிக்குள் பொலித்தீன் சுற்றி வைத்த பிளொப்பிகளும்தான். பழைய கணினி சுன்னாகத்திலேயே நின்றுவிட்டது. சிவக்கொழுந்தும் வரவில்லை. ஆடியில் விழுந்த ஷெல் அவரைச் சைக்கிளோடு கொண்டுபோயிருந்தது.

சாவகச்சேரிக் கிளையில் யாரும் இன்னும் பயன்படுத்தாத வேறொரு கணினி இருந்தது. பதிவுகள் எல்லாம் அதற்குள் ஒழுங்காக ஏறின. தன் பெயரையும் அதில் புதிதாகச் சேர்த்தாள். ஆனால் பதிவுகளைத் திறக்கப்போனால், அனுமதி இல்லை என்றது. அதே பெயர், அதே கடவுச்சொல். பெரிய எழுத்தில் அடித்தாள், சிறிய எழுத்தில் அடித்தாள், பிளொப்பிகளைத் துடைத்துத் திரும்ப ஏற்றினாள். "நான்தான் பாலேஸ்வரி எண்டு நானே சொல்லுறன், கேக்குதில்லை!" என்று மேசையில் அடித்தாள். பங்கீட்டு அரிசிக்குப் போன சங்கக்கடையிலும் அவளுக்கு அந்தக் கிழமை அதே கதைதான். எந்தப் பிரிவு, ஆர் உங்கடை கிராமசேவகர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"விடும் பாலேஸ்வரி, எல்லாத்தையும் புதிசாய்ப் பதிவம்" என்றார் கிளைப் பொறுப்பாளர் பஞ்சலிங்கம்.

விட முடியாது. வாசற்படியில் தெல்லிப்பழை நமசிவாயம் தினமும் வந்து குந்தியிருந்தார். நடந்துவந்த வழியில் அவருடைய மனைவி பூரணம் மழைக்குள்ளேயே கண்ணை மூடிவிட்டாள். நெரிசலில் பையும் தொலைந்தது. மகனின் விலாசம் இனி அந்தக் கணினிக்குள் மட்டும்தான்.

"ஒரேயொரு பெடியன், பிள்ளை. ஜேர்மனியிலை. தாய் செத்துப்போட்டா எண்டு அவனுக்குத் தெரியாது. அந்தியேட்டிக்கு முன்னமாவது அறிவிக்கோணும்."

கொள்ளிவைக்க வேண்டிய பிள்ளை முப்பத்தோராம் நாள் காரியத்துக்கும் இல்லாவிட்டாலும், தகவலாவது போகவேண்டாமா? பாலேஸ்வரிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வழி தெரிந்தது மண்ணெண்ணெய் வரிசையில். வெயிலுக்கு ஆட்கள் ஒதுங்கி நிற்க, கலன்கள் வரிசையில் நின்றன. ஒரு கலனுக்கு உரியவரைக் காணவில்லை. பின்னால் நின்ற மனிசி தன் கலனை நகர்த்தும்போது அதையும் காலால் முன்னே தள்ளினாள்.

"உது ஆற்றை?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"ஆருக்குத் தெரியும்? அந்தாள் இல்லையெண்டு அந்த இடத்திலை நான் நிக்கேலுமே?"

பாலேஸ்வரி தன் வெறுங்கலனைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

சுன்னாகத்துக் கணினியில் முதலில் சேர்க்கப்பட்டவர் கனகலிங்கம். அவர் இப்போது கனடாவில். இரண்டாவது சிவக்கொழுந்து. மூன்றாவது அவள். பதிவுகளுக்குப் பெயர் முக்கியமில்லை, சேர்ந்த இலக்கம்தான் கணக்கு. அவை மூன்றாவது ஆளுக்குத்தான் திறக்கும். புதிய கணினியிலோ அவள் தன்னை முதலாவதாகச் சேர்த்துவிட்டாள். பேரைச் சொன்னதும் இன்னாரின் மகள் என்று கண்டுகொள்ளும் ஊரில் வளர்ந்தவளுக்கு, பேர் மட்டும் போதாது என்று தோன்றவேயில்லை.

தன் பெயரை அழித்தாள். கனகலிங்கத்தைச் சேர்த்தாள். அடுத்த பெயருக்கு விரல் எழும்பவில்லை. செத்த மனிதரை வேலைக்குச் சேர்ப்பதா? அழுதுகொண்டே அடித்தாள். அவருக்கும் ஒரு கடவுச்சொல் கேட்டது கணினி. யோசித்து ஒன்று போட்டாள். பிறகு தன்னைச் சேர்த்தாள். பதிவுகள் திறந்தன.

விலாசம் எழுதிய தாளை நமசிவாயம் கண்ணில் ஒற்றி மடியில் செருகினார். கடிதம் அந்தியேட்டிக்கு முன்னே போய்ச் சேராது என்று இருவருக்கும் தெரியும். "அறிவிச்சதெண்டு இருக்கட்டும்" என்றுவிட்டுப் படியிறங்கினார்.

பஞ்சலிங்கம் திரையை எட்டிப் பார்த்தார். "சிவக்கொழுந்தற்றை பேரை இனி எடுக்கேலாது, விளங்குது. அந்தாளுக்குப் போட்ட பாஸ்வேட்டையாவது சொல்லும், எழுதி வைப்பம்."

"அது அண்ணையின்ரை" என்றாள் பாலேஸ்வரி. சேலைத் தலைப்பை இழுத்து விசைப்பலகையை மூடினாள்.