பக்கத்து பூத்தில் இருந்த சீனர்

எழுபதுகளின் நடுவில் குவைத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். மாநாட்டு மண்டபத்தின் பின்பக்கம், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேடையில் ஒருவர் அரபியில் பேசப் பேசவே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகும் வேலை. அந்த அறையை பூத் என்போம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் நின்றார்கள். மதரஸாவில் தொடங்கிய அரபியைக் கெய்ரோ வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்த நான் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். அதில் எனக்கு இருந்ததைவிட என் மனைவிக்குப் பெருமை அதிகம்.

சீனத் தூதுக்குழுவினர் வரும் கூட்டங்களில் பக்கத்து பூத்தில் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் உட்காருவார். ஐம்பதை நெருங்கியவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிறச் சட்டை. அரபியிலிருந்து நான் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதைக் கேட்டு அவர் சீனத்தில் சொல்ல வேண்டும். ஆக, என் வாயிலிருந்து போவதுதான் அவருக்கு மூலம். நான் ஒரு வாக்கியத்தில் தடுக்கினால் அவரும் தடுக்குவார். நான் வேகமெடுத்தால் கண்ணாடி வழியே கையைத் தாழ்த்தி, மெதுவாக என்று சைகை காட்டுவார்.

முதல் கூட்டம் முடிந்து தேநீருக்கு நின்றபோது என் பக்கம் வந்து, "உங்கள் அரபியில் கெய்ரோ வாடை அடிக்கிறதே" என்றார். சொன்னதே அரபியில், அதுவும் கெய்ரோ கடைத்தெரு அரபியில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் வாலிபத்தில் அங்கே படித்தவர். நாங்கள் இருவரும் ஒரே அவித்த மொச்சைக் கடையில், வெவ்வேறு வருடங்களில் சாப்பிட்டிருக்கிறோம்.

அதன் பிறகு கூட்டம் இருக்கிற நாளெல்லாம் அவரோடுதான் பேச்சு. அவர் ஆட்கள் பக்கத்தில் இல்லையென்றால் அரபி, இருந்தால் ஆங்கிலம். பெரிய தலைவர்களின் தோளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் அவர். விருந்துகளில் எல்லோரும் சாப்பிட, இவர் மட்டும் தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருப்பாராம். பிறகு அவர் நாட்டில் கலவரமான வருடங்கள் வந்தன. அந்நியர்களோடு பழகியவன் என்று குற்றம் சாட்டி, கிராமத்தில் பன்றி வளர்க்க அனுப்பிவிட்டார்கள். மனைவி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"அங்கே வாயைத் திறக்க ஆளில்லை. பன்றிகளோடு அரபியில் பேசுவேன்" என்றார். உடனே என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார்.

"அதுகளுக்கும் ஒரு மொழி தெரிஞ்சிருக்கட்டுமே" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தது போல் பிறகு சிரித்து நான் பார்த்ததில்லை.

வெளிநாடுகளோடு உறவு திரும்பியபோது ஆங்கிலம் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம் வந்து, அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை என்றார். நான் நம்பினேன். இப்போதும் அதை நம்புகிறேன்.

நடந்தது துறைமுக அதிகாரிகளின் கூட்டம் ஒன்றில். வளைகுடா நாடுகள் சிலவற்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சீனர்கள் தங்கள் கப்பல்கள் காத்துக் கிடப்பதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எதிரே இருந்த உயர் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் எந்த நாட்டவர் என்று எழுதப் போவதில்லை. "எங்கள் வீட்டைப் பெருக்க விருந்தாளி வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பெருக்கத் தெரிந்தவர்கள் முதலில் தங்கள் வாசலைப் பார்க்கட்டும்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கத்து பூத்துச் சீனர் ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி, மண்டபத்திலிருந்து வரும் குரலை நேராகவே கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு கணம் நிறுத்தினார். பிறகு சீனத்தில் சொன்னார். அவர்களுடைய தலைவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நடைபாதையில் என்னைப் பிடித்து, அரபியில் சகோதரனே என்று அழைத்து, "நீங்கள் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டீர்கள், யா அஹீ. அந்த ஆள் இதைவிடக் காரமாகச் சொன்னார்" என்றார்.

"உங்களுக்காகத்தான்" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அந்த அதிகாரி அப்படி எதுவுமே சொல்லவில்லை என்று ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பில் பிழை. இரண்டு பக்கத்துக்கும் அது வசதியாக இருந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? மாநாட்டு அலுவலக மேலாளர் ஓர் எகிப்தியர், நல்ல மனிதர்தான். என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டேப்பைப் போட்டுக் கேளுங்களேன்" என்றேன்.

"டேப் மாஃபி, இல்லவே இல்லை. அந்த நேரம் மெஷின் ஓடவில்லையாம்."

"அப்படியென்றால் சீனரைக் கேளுங்கள். அவருக்கு அரபி என்னைப் போலவே தெரியும். காதால் கேட்டவர்."

அவரை வரவழைத்தார்கள். கூடவே அவர்கள் தூதரகத்து ஆள் ஒருவரும் வந்து உட்கார்ந்தார். மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த அதிகாரி அரபியில் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "எனக்கு அரபி தெரியாது. மாணவனாக இருந்தபோது கொஞ்சம் படித்தேன். எல்லாம் மறந்துவிட்டது. இவருடைய ஆங்கிலத்தை நம்பித்தான் நான் பேசினேன்."

நான் அவரைப் பார்த்து அரபியில், "நேற்று நடைபாதையில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

புரியாத மொழியைக் கேட்கிறவரின் முகத்தை வைத்துக்கொண்டார். எத்தனை சுத்தமாக வைத்துக்கொண்டார்! பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, "இவர் என்ன சொல்கிறார்?" என்றார்.

மேலாளர் எனக்குக் கேட்கும்படி மெல்ல, "கலாஸ், முடிந்தது" என்றார்.

வேலை போனது. குவைத்தில் எனக்கு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பாளி, அந்த அலுவலகம்தான். வேலை போனால் விசாவும் போகும். ஊர்க்கார வியாபாரி ஒருவர் தலையிட்டு, ஃபஹாஹீலில் இயந்திர உதிரிபாகம் இறக்குமதி செய்யும் கம்பெனிக்கு என்னை மாற்றிவிட்டார். மங்காஃபில் சின்ன வீடு. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வரும்போது, "என்ன நானா, மாத்திச் சொல்லிட்டீங்களாமே?" என்று கேட்பார்கள். கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

"அவருக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல மச்சான், பயந்திருப்பாரு" என்றாள் மனைவி.

"பயந்தா வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். தெரியாதுன்னு ஏன் சொல்லணும்?" என்றேன்.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து, எங்கள் கம்பெனிக்கு ஒரு சீன வணிகக்குழுவோடு பேச்சுவார்த்தை வந்தது. முதலாளி என்னையும் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். வரவேற்பறையில் அந்தப் பக்கத்து பூத்துக்காரர் நின்றிருந்தார். இளைத்திருந்தார், முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூணோரமாக வந்தார்.

"எப்படி இருக்கிறீர்கள், யா அஹீ?" அதே கெய்ரோ அரபி.

இத்தனை நாள் கேட்கக் காத்திருந்தது இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். கேட்டவுடனே மன்னித்துவிடுவேன் என்றுகூடத் தோன்றியது. மனசு அத்தனை இளகிவிட்டது.

"ஓர் உதவி வேண்டும்" என்றார். "எங்கள் குழுத் தலைவருக்குப் பழைய விஷயம் தெரியாது. நாம் முதன்முறை சந்திப்பது போலவே இருந்துவிடலாமா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே முதலாளி எங்களை அறிமுகம் செய்துவைத்தார். கை கொடுத்தார், நானும் கொடுத்தேன். குவைத்துக்கு எப்போது வந்தீர்கள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அந்தச் சாயங்காலம் முழுவதும் முதலாளியின் அரபியை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சீனத்தில் சொன்னார். எங்களுக்குள் எங்கேயும் தடங்கல் இல்லை. முதலாளி ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டால், அது எங்கே போய் முடியும் என்று அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அந்தத் திறமையை வெறுக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் தன் ஆட்களோடு லிஃப்டில் ஏறினார். நான் ஃபஹாஹீல் பஸ்ஸுக்கு நடந்தேன்.