தணிந்த குரலில் அக்கா சொன்ன முகவரி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அக்காவின் வாழ்க்கையை முதலிலிருந்து படிக்க எதிர்பார்ப்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். அக்காவின் இறப்புக்கு அவருடன் வேலை பார்த்த ஸ்டெல்லாதான் காரணம் என்று நம்மில் பலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படி முதலில் பேசியவன் நான்தான். நான் முன்கோபக்காரன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் புகார் கொடுத்தவனும் நான்தான். அதனால் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. அடுத்த வாரம் விசாரணை முடிகிறது. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, போய்விடுமா என்பது அன்று தெரிந்துவிடும். அதற்குள் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது படாளத்தில். அப்பா கரும்பு வண்டிகளை எடை போடும் வேலையில் இருந்தார். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். என்னைப் பெற்ற பிறகு அம்மாவின் உடம்பு தேறவே இல்லை. என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, கணக்கில் கோட்டை விட்டால் முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான். அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. கருங்குழியில் தட்டச்சு படித்துக்கொண்டே வேலைக்கு அலைந்தார். வரன்கள் வந்தன. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தார். பிறகு வரன்கள் வருவதும் நின்றுபோனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அதில் வருத்தம் உண்டா என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

செங்கல்பட்டில் தட்டச்சர் வேலை என்று நினைத்துத்தான் விண்ணப்பித்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான் அது அவசர அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை என்று தெரிந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எது வேண்டுமானாலும் அந்த அறையில்தான் மணி அடிக்கும். போனை எடுத்து, எங்கே, என்ன என்று கேட்டு, பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். ஒரு மாதம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர் முப்பது வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியிலேயே இருந்துவிட்டார்.

அந்த வேலை அக்காவின் குரலை மாற்றியது. போனில் பேசுகிறவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவுக்கு அக்காவின் குரல் இறங்கும். நாம் பதறினால் அவர்கள் இன்னும் பதறுவார்கள், முகவரியே வாயில் வராது என்பார். நாளடைவில் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, பால்காரன் வரவில்லை என்று அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் எங்களுக்கு நிம்மதி. குரல் தணிந்தால்தான் பயம். அம்மா போன அன்று என் அலுவலகத்துக்குப் போன் செய்து, "பொறுமையா கெளம்பி வா. சாப்ட்டுட்டே வா" என்றார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து வரும் அழைப்புகளை அக்கா தனியாகக் குறிப்பிடுவார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நிற்கும் இடத்தின் பெயரே தெரியாது. கடலோரமாக நிற்கிறோம் என்று மட்டும் சொல்வார்களாம். கடலைப் பார்த்து நின்றால் கலங்கரை விளக்கம் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது, முதுகுப் பக்கம் சவுக்குத் தோப்பா, ஹோட்டலா என்று கேட்டுக் கேட்டே இடத்தைப் பிடித்துவிடுவார். ஒரு காணும் பொங்கலன்று அப்படித்தான் ஒருவர் பேசினார். பையனை அலை இழுத்துக்கொண்டு போகிறது என்றார். வண்டி புறப்பட்டுவிட்டது, யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போனை மணலில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். வண்டி போய்ச் சேரும் வரைக்கும் அக்காவின் காதில் அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அக்கா கடலுக்குப் போனதில்லை. குடும்பத்தோடு போனாலும் காரைவிட்டு இறங்க மாட்டார். கண்ணாடியையும் ஏற்றிவிடுவார். நாங்கள் அதைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

அம்மாவின் காலத்துக்குப் பிறகு அக்கா திருக்கழுக்குன்றத்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார். நான் படூரில் குடியிருந்தேன். அக்காவின் தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் அக்காவின் கதவைத்தான் தட்டுவார்கள். பெரியவர் ஒருவருக்கு வலிப்பு, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, மொட்டைமாடியிலிருந்து விழுந்த குழந்தை என்று எத்தனையோ முறை அக்கா தன் போனிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் பேசியிருக்கிறார். இங்கே அவர்களுடைய பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியாட்கள் பேசினால் நீங்கள் யார், நோயாளிக்கு என்ன உறவு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். தங்களுக்குள் பேசினால் அதெல்லாம் கிடையாது. ஆணா பெண்ணா, வயது, என்ன உபாதை, எந்த இடம். நான்கு வார்த்தையில் முடிந்துவிடும். வேலை தெரிந்தவரிடம் மற்றதைக் கேட்பது மரியாதைக் குறைவு. அக்கா எப்போதும் தன் வீட்டையே அடையாளமாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் துண்டை வீசிக்கொண்டு நிற்பார். வண்டிக்காரர்கள் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் திரும்புவார்கள்.

கடைசி இரண்டு மாதம் அக்காவிடம் ஏதோ சரியில்லை. மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். இடது தோளைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் வாயு என்பார். தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு பகலிலும் கிரில் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். நான் பார்க்கப் போனால் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் போடுவதே குறைந்துவிட்டது. வயதாகிறது, கோபம் தணிகிறது என்று நினைத்தேன். சந்தோஷமும் பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தே முக்கால் மணிவாக்கில் ஸ்டெல்லா பணியில் இருந்தபோது அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண், ஐம்பத்தைந்துக்கு மேல், நெஞ்சு வலி, வியர்வை, நினைவு இருக்கிறது, தன் வீட்டுக்கு வண்டி அனுப்பு என்று அக்கா சொன்னார். ஸ்டெல்லா ஒரு நொடிகூட வீணாக்காமல் வண்டியை அனுப்பினார். நோயாளியுடன் அக்கா இருக்கிறார், தெருவில் நிற்பார் என்றும் வண்டிக்காரர்களிடம் சொன்னார். வண்டி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. தெருமுனையில் யாரும் இல்லை. அக்காவின் வீட்டில் கிரில் பூட்டியிருந்தது, உள்கதவும் சாத்தியிருந்தது. மணி அடித்தார்கள், யாரும் வரவில்லை. அக்கா வேறு வீட்டில் நோயாளியுடன் இருக்கிறார் என்று நினைத்து, வண்டியிலிருந்த இருவரும் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஸ்டெல்லா திரும்பத் திரும்பப் போன் செய்தார். அக்கா யாருக்கோ நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார், அதனால்தான் எடுக்கவில்லை என்று நினைத்தாராம்.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர்தான் பூட்டைக் கவனித்தவர். பூட்டு உள்பக்கம் இருக்கிறதே, அப்படியானால் ஆள் உள்ளேதானே என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். அக்கா கூடத்தில் தரையில் கிடந்தார். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை. தேடிய அந்த நேரம் கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு செங்கல்பட்டு போனேன். ஸ்டெல்லாவை வரவழைத்து எல்லோர் முன்னாலும் கேட்டேன். யார் பேஷண்ட் என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் இல்லையா என்றேன். இன்னும் மோசமாகவும் பேசினேன், அதை இங்கே எழுத முடியாது. "அக்கா எப்பவும் பேசற மாதிரியேதான் பேசனாங்க அண்ணா. அவங்கள போயி இன்னா கேக்கறதுன்னு வுட்டுட்டேன்" என்றார் ஸ்டெல்லா. எட்டு வருடம் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். கருங்குழிப் பக்கத்துக் குடும்பம், அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அதெல்லாம் எனக்குத் தெரிந்தும் புகாரை எழுதினேன்.

போன மாதம் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டு, பதிவான அழைப்பைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. அக்காவின் குரல் கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் இருந்தது. கத்தி அழுதிருப்பார், ஸ்டெல்லா காதில் வாங்கவில்லை என்று நான் மனதுக்குள் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. கணினித் திரையில் அழைப்பு வந்த நேரம் தெரிந்தது. பத்து நாற்பத்தொன்று. நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை அதிலிருந்து அழிக்க எனக்கு மனம் வந்ததில்லை. அக்கா என்னை அழைத்த நேரம் பத்து முப்பத்தேழு.

காலையில்கூட என்னிடம் நன்றாகத்தான் பேசினார் என்று உங்களில் எத்தனை பேரிடம் சொல்லி அழுதேன் என்று நினைவிருக்கிறதா? அந்தப் பேச்சு இதுதான். நான் கேளம்பாக்கத்தில் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, எங்க கீற?"

"கறி வாங்கிகினு கீறேன்க்கா. கூட்டமா கீது. சாயங்காலம் வரட்டா?"

"சரி. பொறுமையா வா."

நான்தான் போனை வைத்தேன். கடைக்காரர் என் முறை என்றார். அம்மா போன அன்று கேட்ட அதே குரல், அதே வார்த்தை. என் காதில் அது விழுந்தது. மனதில் ஏதோ இடறவும் செய்தது. இருந்தும் முன்னங்கால் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். எதிர் வீட்டு ஆட்டோக்காரரின் எண் என் போனில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் வண்டி வருவதற்கு முன்பே பூட்டு உடைந்திருக்கும். அக்கா பேசிய நேரத்தை மட்டும் அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

விசாரணை அதிகாரிகளிடம் இதை அன்றே சொன்னேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். அது மட்டும் போதாது, நடந்தது நடந்ததுதான் என்றார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போய் இதையே சொல்லப் போகிறேன். நம் குடும்பத்திலிருந்து யாராவது கூட வந்தால் பலமாக இருக்கும்.

பூட்டை உடைத்த எதிர் வீட்டு ஆட்டோக்காரருக்கும், கைவிடாமல் கடைசிவரை நெஞ்சை அழுத்திக்கொண்டே போன ஆம்புலன்ஸ்காரர்களுக்கும், மருத்துவமனையில் உடன் நின்றவர்களுக்கும், பதினாறு நாளும் அக்கா வீட்டில் அடுப்பெரிய விடாமல் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்காவின் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அக்காவுடன் பணியாற்றிய அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். ஸ்டெல்லாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "அக்காவுக்குக் கும்புட நான் வர்லாமா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

வரச் சொல்லியிருக்கிறேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் அவர் உங்களுக்கு நடுவில் எங்காவது உட்கார்ந்திருப்பார். உனக்கு என்னக்கா ஆச்சு என்று அன்று காலை அக்காவைக் கேட்காமல் விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதற்காக ஒன்பது மாதமாக வேலையில்லாமல் இருக்கிறார். இன்னொருவனின் கையைப் பிடித்து நீங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

தம்பி,
படூர்