கரண்ட் போனால் கேட்கும் சத்தம்

என் அக்கா சாந்தாமணியின் நெஞ்சுக்குள் ஒரு இரும்பு வால்வு இருந்தது. தொண்ணூற்று மூன்றில் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக்கென்று கேட்கும். அவள் கணவர் வெள்ளியங்கிரி மச்சானுக்குப் பல்லடத்தில் விசைத்தறிக் கொட்டகை. வீடும் அதை ஒட்டியே. தறி ஓடினால் இடி விழுந்தாலும் தெரியாது. கரண்ட் போனால்தான் அக்காவின் நெஞ்சு கேட்கும்.

"அட, ஓடுது பாரு! உங்கக்காளுக்கு மட்டும் கரண்டே வேண்டாம் மாப்ள" என்று மச்சான் சிரிப்பார். அக்காவுக்கோ அது மானக்கேடு. ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி, "ஏனுங்கக்கா, வாட்ச்சை எங்க கட்டியிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் வாயில் மண்ணைப் போட! அதன்பிறகு அக்கா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

வால்வில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். மாதாமாதம் ரத்தம் சோதித்து அளவைச் சரிசெய்ய வேண்டும். சோதனை கோயமுத்தூரில்தான். போய்வந்தால் அன்றைக்குத் தறி நிற்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளூர் டாக்டர் ஐயாசாமியும் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதே மாத்திரையே இருக்கட்டும்" என்பார். அந்த 'இருக்கட்டும்' இருக்கிறதே, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்று ஐந்து புரட்டாசியில் அக்கா காரமடைப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள்: மாதம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டேன், இந்தச் சத்தம் அடங்கட்டும். கொட்டகைக்குப் பின்னால் முருங்கைமரம். தினமும் அந்தக் கீரைதான் பொரியல், சாறு, அடை எல்லாம். கீரை யாருக்குக் கெடுதல் செய்யும்? இந்த மாத்திரையின் வேலையை அது கெடுக்கும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது. நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?" என்றாள் அக்கா.

மச்சான் அவள் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். "இல்லியே அம்மணி. பஞ்சுக்குள்ள என்னமோ தட்டறாப்பல இருக்குது, அவ்வளவுதான்."

அக்கா அழுதுவிட்டாள். "பெருமாள் கண்ணைத் தொறந்துட்டாருங்க!"

மறுநாள் காரமடைக்குப் போய் மச்சான் மொட்டை போட்டுக்கொண்டார். அக்கா படியேற மூச்சு வாங்கினாள். விரதம், அதனால் என்று நினைத்தோம். அன்று சாயங்காலமே அடுப்படியில் விழுந்தாள். வால்வைச் சுற்றி ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதனால்தான் சத்தம் அமுங்கியது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மச்சானின் தலையில் சந்தனம் அப்படியே இருந்தது. அக்கா வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் மச்சான் நேராக டாக்டரிடம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன்.

"இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இனிமே நீங்க இங்கயே ரத்தம் எடுங்க சார். நான் கோயமுத்தூருக்குக் கொண்டுபோறனுங்க. அவளுக்கு ஆயுசு பூரா சோதிச்சிருந்தாலும் ஆஸ்பத்திரியில கட்டுன காசுல பாதி ஆகியிருக்காதுங்க. தறி நின்னுரும்னு பாத்தனுங்க."

டாக்டர் அடுத்த மாதமே தொடங்கினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காலையில் வந்து ரத்தம் கொடுப்பார்கள். மச்சான் ஐஸ் போட்ட தூக்குப்போசியில் அதை வைத்துக் கோயமுத்தூர் பஸ் ஏறுவார். லேப்பிலிருந்து போனில் முடிவு வரும், அன்றைக்கே டாக்டர் அளவை மாற்றுவார். கீரையைப் பற்றியும் கேட்பார். ஊரில் மச்சானுக்கு 'ரத்தக்காரர்' என்றே பேராகிவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் நான் கிளினிக்கில் இருந்தபோது யாஸ்மின் என்ற பெண் வந்தது. பள்ளிக்கூட டீச்சர், அதற்கும் அதே வால்வு. "பிள்ளைங்க சிரிக்குதுங்கண்ணா. இந்தச் சத்தம் நின்னாத் தேவலைங்க" என்றது.

மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. "அப்படிச் சொல்லாத கண்ணு" என்றவர், போசியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். டிக் டிக்கென்று கேட்டது. அப்புறம்தான் எழுந்தார்.

இப்போதும் கரண்ட் போனால் தறியை விட்டு அடுப்படி வாசலில் போய் நிற்கிறார். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஒருமுறை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அது நின்னதுக்கு நான் மொட்டை போட்டுக்கிட்டனே மாப்ள."