கடுக்காய் மர வளைவில் ஏறினவள்

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். சுடுகாடு, அமாவாசை, நாய் ஊளை எதையும் இதில் தேடாதீர்கள். நம்பிக்கை வராதவர்கள் நைனார்பாளையம் போய்ப் பார்க்கலாம். அந்த வீடு இருக்கிறது. அந்தப் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளும் வாசலில் நிற்கிறது. புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனால், புருசனும் பொஞ்சாதியும் அதில் ஏறிக் கிளம்புவதையே பார்க்கலாம்.

2022, ஆனி மாசம். ராஜாங்கத்துக்கு அறுபத்து நாலு வயசு. கண் ஆபரேசன் முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. மோட்டார் கொட்டாயில் முப்பத்து நாலு வருஷமாகச் சாக்கு போர்த்திக் கிடந்த வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். கள்ளக்குறிச்சி மெக்கானிக் கடையில் பதினெட்டு நாள் கிடந்தது. புது டயர், புது செயின், சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின். மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது.

ராணியம்மாளுக்கு அன்றைக்கே வயிற்றெரிச்சல் ஆரம்பம்.

“ஆத்தாவுக்குப் பண்ணிக்குடுத்த சத்தியம் இன்னா ஆச்சி?”

“ஆத்தாவே போயி வருசம் திரும்பிடுச்சி. சத்தியத்த நான் யாருகிட்ட காட்டறது?”

“இந்த வயசுல வண்டி கேக்குதா?”

“கண்ணு நல்லாத் தெரியுது. ரோட்டப் பாத்தா ஓட்டணும்னு தோணுது. அவ்ளோதான்டி.”

விடிந்தால் வண்டியைத் துடைப்பார். எண்ணெய் போடுவார். டேங்கைத் தட்டிக் கொடுப்பார்.

“எம் முதுவுல ஒரு நாளு அப்பிடித் தேச்சிருப்பியா?” என்பாள் ராணியம்மாள். “அதுக்கு வாய் இருந்தா ஒன்ன மாமான்னு கூப்புடும்.”

சத்தியத்தின் கதை இதுதான். 1988, ஆடி மாசம். கல்யாணமாகி ரெண்டு வருஷம். ராணியம்மாளுக்கு இருபத்து நாலு வயசு. புருசன் முதுகில் சாய்ந்தபடி வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிளிப்பச்சை நைலக்ஸ் சேலை. மலைப்பாதையில் ஒரு பெரிய கடுக்காய் மரம் நிற்கும் வளைவு. அங்கே முந்தானை பின்சக்கரத்தில் சிக்கி அவளை இழுத்துப் போட்டது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மூணு நாள் பேச்சில்லை. கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள்.

“பயந்த எடத்துலயே இவ உசுரு நின்னுபூடுச்சி. கூப்புட்டுக்கினு வரணும்” என்றாள் மாமியார். விழுந்த இடத்து மண்ணை எடுத்துவரச் சொல்லி, அதை மருமகள் தலையைச் சுற்றி, வாசற்படியில் நின்று மூணு தடவை கூப்பிட்டாள். “ராணியம்மா… வூட்டுக்கு வாடீ…”

மூணாவது கூப்பாட்டுக்கு ராணியம்மாள் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். “வந்துட்டேன்” என்றாள். சோறு கேட்டாள். தின்று முடித்துவிட்டு மாமியார் இடுப்பில் இருந்த புகையிலையைக் கேட்டாள். அதற்கு முன்பு புகையிலை வாசனைக்கே குமட்டுகிறவள் அவள். அன்றைக்கு வாயில் வைத்தவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

இனிமேல் அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்று மகனிடம் அன்றே சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினாள் மாமியார்.

இன்னொரு பழக்கமும் அப்போது ஒட்டிக்கொண்டது. தெருவில் எந்த வண்டி போனாலும் ராணியம்மாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பாள். ஓட்டுகிறவனைப் பார்க்கமாட்டாள். பின்னாடி யார் என்றுதான் பார்ப்பாள். தெருப் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் செக்போஸ்ட்டு.

ராஜாங்கம் புதன்கிழமை தோறும் மலைக்குப் போக ஆரம்பித்தார். மத்தியானம் 2:10க்குக் கிளம்புவார். 6 மணிக்குள் திரும்புவார். நாலாவது புதன்கிழமை, எதிர்வீட்டுப் பாப்பாத்தி வந்தாள்.

“யக்கா, ஒங்க வூட்டுக்குச் சொந்தக்காரப் பொண்ணு எதுனா வந்திருக்கா?”

“இல்லியே. ஏண்டி?”

“போன பொதன்கெழம அண்ணன் வண்டியில பின்னாடி ஒரு பொண்ணு குந்திக்கினு வந்துதே. கச்சிராயபாளையத்துல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பாத்தேன். தோள்ல கை போட்டுக்கினு, ஒரே சிரிப்பு.”

ராணியம்மாள் மென்றுகொண்டிருந்த புகையிலை அப்படியே நின்றது.

“எவ்ளோ வயசு?”

“இருவத்தஞ்சிக்கு மேல போவாது. பச்ச சேல. அண்ணனுக்கு இந்த வயசுல யோகம்தான் போ.”

“எழுந்து போடி வூட்டுக்கு.”

அன்று ராஜாங்கம் வந்து வண்டியை நிறுத்தும்போதே கேட்டாள்.

“யாரு அவ?”

“எவ?”

“பச்ச சேல.”

அவர் சிரித்தார். “எம் பின்னாடி குந்த எவ வருவா? பல்லுல பாதி இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற கம்பி கீழே இறங்கியிருந்தது. காலையில் அது மடங்கித்தான் இருந்தது. அவளே பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் அந்தக் கம்பியை மடக்கிச் சணல் கயிற்றால் கட்டினாள். நாலு முடிச்சு. எவளாவது ஏறினால் அறுத்துத்தான் இறக்க முடியும்.

மணி 5:50. வண்டி வந்தது. கம்பி இறங்கியிருந்தது. கயிறு அறுபடவில்லை. நாலு முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, சீட்டுக்கு அடியில் செருகியிருந்தது.

பின்சக்கரத்து ஆரக்கம்பியில் ஒரு நூல் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தாள். கிளிப்பச்சை. நைலக்ஸ். அந்தத் துணி இப்போது எந்தக் கடையில் விற்கிறது?

“உண்மையச் சொல்லிடு. யார ஏத்திக்கினு சுத்தற?”

ராஜாங்கம் கட்டிலில் உட்கார்ந்தார்.

“யாரும் இல்ல ராணி. அந்தக் கடுக்கா மரத்தாண்ட ஏத்தத்துல இஞ்சின் சூடாயிடுது. பத்து நிமிசம் ஆறப் போடறேன். திரும்பி எடுக்கும்போது வாய் தானா கேட்டுடுது, ‘குந்தினியா?’ன்னு. பழைய பழக்கம். ஒன்னக் கேட்டுக் கேட்டுப் பழகின வாயி.”

அவளுக்கு நெஞ்சு லேசாக இளகியது. ஆனாலும் கேட்டாள்.

“கேட்டதும்?”

“கேட்டதும்…” அவர் தரையைப் பார்த்தார். “வண்டி கொஞ்சம் கனமாப் போவுது.”

“வர்ற பொதன்கெழம நான் வரேன்” என்றாள் ராணியம்மாள். “அது நான் குந்துற எடம்.”

2:10க்குக் கிளம்பினார்கள். கோமுகி அணை தாண்டி, மலை ஏறி, கடுக்காய் மர வளைவில் வண்டி நின்றபோது மணி 3:42.

ராணியம்மாள் இறங்கி ஓரமாக நின்றாள். முப்பத்து நாலு வருஷம் கழித்து அந்த மண்ணில் கால் வைக்கிறாள். உள்ளங்கால் சில்லென்றது. மேகம் ரோடு வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

3:52. ராஜாங்கம் கிக்கரை உதைத்தார். ஒன்று… ரெண்டு… மூணாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. டப… டப… டபடபடப…

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதுமே பார்ப்பதில்லை.

“குந்தினியா?”

ராணியம்மாள் நாலடி தள்ளி நின்றாள். வாயைத் திறக்கவே இல்லை.

“உம்.”

பின்சீட்டு அழுந்தியது. யாரும் இல்லை. ஆனால் அழுந்தியது. கால் கம்பி ‘டக்’கென்று கீழே இறங்கியது.

வண்டி கிளம்பிவிட்டது.

“இந்தாங்க! நான் இங்க நிக்கிறேன்! இந்தாங்க…!”

மேகத்துக்குள் வண்டி போனது. அப்போதுதான் தெரிந்தது. பச்சை. அவர் தோளில் ஒரு கை. கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி ராணியம்மாளைப் பார்த்தாள்.

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ. அதில் இருக்கிற அதே முகம்.

பயம் உடனே வரவில்லை. முதலில் வயிறுதான் எரிந்தது. அவள் சின்னவள். அழகு. அவள் கை என் புருசன் தோளில்…

அவள் நான்.

அப்புறம்தான் பயம் வந்தது.

வண்டிச் சத்தம் தேய்ந்தது… தேய்ந்து… நின்றது.

ஒரு பறவை கூட இல்லை.

4:03. சத்தம் திரும்பி வந்தது. வண்டியில் ராஜாங்கம் மட்டும். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“நீ… எப்ப எறங்கின?”

“நான் ஏறவே இல்ல.”

“வெளையாடாத. இவ்ளோ நேரம் பேசிக்கினு வந்தியே!”

“இன்னா பேசினேன்?”

அவர் வண்டியை விட்டு இறங்கினார். ரெண்டு தடவை முயற்சி பண்ணித்தான் சொன்னார்.

“‘மாமா, எம் பேரச் சொல்லிக்கினு எவளோ ஒங்கூட வூட்ல இருக்காளாமே… அவ யாரு மாமா?’ன்னு கேட்ட.”

மாமா. ராணியம்மாள் அவரை அப்படிக் கூப்பிட்டது கல்யாணமான புதுசில். விழுந்த பிறகு ஒரு நாள் கூட வாயில் வரவில்லை. ரெண்டு பேருக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

வீடு வந்ததும் ராஜாங்கத்தின் தம்பி வீரமுத்துவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணி… அன்னிக்கி ஆத்தா மண்ணெடுக்க என்னத்தான் அனுப்பிச்சி.”

“தெரியும். அதுக்கென்ன?”

“சைக்கிள்ள போனேன். அடிவாரம் போறதுக்குள்ளயே காலு ஓஞ்சிபோச்சி. மல ஏறல. அங்க புளியமரத்தாண்ட ஒரு புடி அள்ளித் துணியில முடிஞ்சிக்கினு வந்துட்டேன். மண்ணுதானே, எங்க எடுத்தா இன்னான்னு நெனச்சேன் அண்ணி…”

“அப்பறம்?”

“மறுவாரம் டீக்கடையில சொன்னாங்க. அந்த மரத்தடியில காசியம்மாள்னு மலைக்காரம்மா ஒண்ணு செத்துக் கெடந்துதாம். நான் மண்ணு அள்ளறதுக்குப் பத்து நாளைக்கு முன்ன. புருசன் லாரி ஓட்டறவன். எவளையோ பக்கத்துல குந்தவச்சிக்கினு போயிட்டான். இந்தம்மா மரத்தடியவுட்டு எழுந்திருக்கவே இல்லியாம். போற வர்ற வண்டியெல்லாம் எட்டி எட்டிப் பாக்குமாம், யாரு கூட குந்தியிருக்கான்னு. சோறு தண்ணி இல்லாம… வெறும் பொயல மட்டும் மென்னுக்கினு…”

வீரமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

தெருவில் ஒரு பைக் போனது.

ராணியம்மாளின் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பியது. அதை ராஜாங்கம் பார்த்தார். அவள் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த புகையிலைப் பொட்டலத்தையும் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் ஒரு மஞ்சள் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எங்க போறீங்க?”

“கடுக்கா மரத்தாண்ட மண்ணெடுக்க.”

“யாருக்கு?”

அவர் வண்டியை வாசலுக்குத் தள்ளினார்.

“முப்பத்திநாலு வருசம் ஒனக்குச் சோறாக்கிப் போட்டது யாரு? ஒங்க ஆத்தாவுக்கு மூணு வருசம் மலம் மூத்திரம் அள்ளுனது யாரு? அவளா?”

அவர் கிக்கரை உதைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் போய்விட்டார்.

அவள் வாசலில் குந்தினாள். போகிற வண்டி, வருகிற வண்டி, ஒன்று விடாமல் எட்டிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. புகையிலை மட்டும் மென்றாள்.

மணி 5:20. தெருமுனையில் டப டப டப…

முதலில் தெரிந்தது பச்சை.

ராஜாங்கம் இறங்கினார். வாசலில் குந்தியிருந்தவளை நேராகப் பார்க்கவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து, மண்ணை எடுத்து அவள் தலையை மூணு சுற்றுச் சுற்றினார். வாசற்படியில் போய் நின்றார்.

“ராணியம்மா… வூட்டுக்கு வா…”

“நான் இங்கதான இருக்கேன்!”

“ராணியம்மா… வூட்டுக்கு வா…”

“வேணாங்க. நிறுத்திடுங்க. எங்கியும் போவமாட்டேன், ஓரமாக் கெடக்கேன்…”

“ராணியம்மா…”

முந்திக்கொள்ள வேண்டும். இது என் வூடு. வாயைத் திறந்தாள். “வந்…”

அவள் வாயிலிருந்தே இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

“வந்துட்டேன், மாமா.”

அதோடு எழுந்து, வாயில் இருந்ததைத் துப்பி, வாய் கொப்பளித்து, “த்தூ, இன்னா நாத்தம் இது” என்று சிரித்தாளாம் ராணியம்மாள். பார்த்துக்கொண்டிருந்த வீரமுத்துவே சொன்னது. அன்றிலிருந்து அவள் புகையிலை தொடுவதில்லை. தெருவில் எந்த வண்டி போனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதன்கிழமை தோறும் புருசன் தோளில் கை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறாள்.

ஒன்றே ஒன்றுதான். அடிவாரம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

ஏன் என்று வெள்ளிமலை ஜீப் டிரைவர்களைக் கேட்டால் தெரியும். புளியமரத்தைத் தாண்டும்போது வேகம் குறைக்கவே மாட்டார்கள். மரத்தடியில் ஒரு பொம்பளை குந்தியிருக்கிறாளாம். வண்டிச் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறாளாம்.

ஓட்டுகிறவனை இல்லை.