பட்டாளம் கழித்துவிட்ட கார்பைன்

துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்க வருவதில்லை, தொட்டுப் பார்க்க வருகிறார்கள். புடவைக்கடை வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடையில் பிரித்துப் போட்டதை மடித்து வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் கடையில், தொட்டுப் பார்க்கிறவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கடை பேக்கரிக்காரரைக் குறிபார்ப்பார். காலித் துப்பாக்கிதான். ஆனாலும் பேக்கரிக்காரர் எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் போண்டா கருகிப்போவதற்கெல்லாம் நாங்கள்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மலைக்குத் திரும்புகிற ரோட்டில் எங்கள் கடை. நான் கல்லாவில். துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, பழுது பார்ப்பது என் அக்கா வீட்டுக்காரர். ஆந்திர எல்லையில் நகரிக்காரர். தெலுங்கில் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி நான் பாவா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவரைவிட மூத்தவர்கள்கூட அவரைப் பாவா என்றே கூப்பிடுகிறார்கள்.

சட்டப்படி இன்றைக்கு வேட்டை கிடையாது. பன்றி வந்து வயலை உழுதுவிட்டுப் போனாலும், அதைச் சுட வனத்துறைதான் வரவேண்டும். பயிர்க்காரர் சத்தம் போட்டு விரட்டலாம், அவ்வளவுதான். இதைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். அந்தப் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டுதான் எல்லாரும் கேட்பார்கள், "இது வேட்டைக்கு ஆவுமா?" என்று.

அப்படிப்பட்ட கடைக்கு ஒருநாள் ஒரு கார்பைன் வந்து சேர்ந்தது.

கைக்கு அடக்கம்

கார்பைன் என்றால் குட்டையான, லேசான ரைபிள். பட்டாளம் எப்போதோ வேண்டாம் என்று கழித்துவிட்டது, முறையாகக் கைமாறி, அரக்கோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி வீட்டு பீரோவில் கிடந்தது. அவர் விற்றுத்தரச் சொல்லி எங்களிடம் ஒப்படைத்தார். மரக்கட்டையெல்லாம் மெழுகினதுபோல் மின்னும். தூக்கினால் தூக்கின மாதிரியே இருக்காது.

முதலில் அதைத் தூக்கிப் பார்த்தவர் முனிரத்தினம். மலையடிவாரத்தில் வேர்க்கடலை போடுகிற விவசாயி, எங்களுக்குப் பழைய வாடிக்கை. அவரிடம் அப்பா வைத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. அதைத் தோளில் மாட்டினால் மனுஷன் ஒருபக்கம் சாய்ந்துதான் நடப்பார். உரிமத்தில் இன்னொன்றுக்கும் இடம் இருந்தது. கார்பைனைக் கையில் வாங்கியவர் இந்தத் தோளில் வைத்தார், அந்தத் தோளில் வைத்தார், கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

கூடவே அவர் மனைவி கஸ்தூரியம்மா வந்திருந்தார். நான் அதன் அருமை பெருமைகளைச் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவருக்கு நல்லாத்தான் கீதுங்க. பன்னிக்கு எப்பிடி இருக்கும்னு சொல்லலையே."

காவடிக்காரர்

கிருத்திகை அன்று ஊரே காவடியும் மொட்டைத் தலையுமாக இருக்கும். மலையிலிருந்து இறங்கிய ஒருவர், தலையில் சந்தனம் காயாமல் கடைக்குள் வந்தார். கார்பைனைக் கண்டதும் சாமி கும்பிட வந்த களைப்பு போய்விட்டது. வேட்டைக்கு ஆகுமா என்றார். நான் பலகையைக் காட்டினேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமியே வேடனா வந்து கல்யாணம் கட்டிக்கினு போன ஊரு இது. வள்ளியம்மா வேடர் வீட்டுப் பொண்ணு. இந்த ஊர்ல குந்திகினு வேட்டை கூடாதுன்னு சொல்றியே நைனா, உனக்கே நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.

சட்டத்தைச் சொல்லலாம், சாமிக்கு எதிராக எதைச் சொல்வது? பாவா மூலையில் உட்கார்ந்து ஒரு குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "சாமி வேடன் வேஷம்தாங்க போட்டாரு. வந்தது பொண்ணு பார்க்க."

மிலிட்டரி ஐட்டம்

மனை விற்கிற ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, விரலுக்கொரு மோதிரம், வாசலில் அணைக்காத கார். கார்பைனைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்களிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "மிலிட்டரி ஐட்டம் இது. பட்டாளத்துல சும்மா ஒருத்தர் கையில குடுக்க மாட்டாங்க. யானையே நின்ன எடத்துல உக்காந்துடும்."

பெஞ்சில் மணவூர்க்காரர் ஒருவர் காத்திருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், இப்போது காவல் வேலை. தன் ஒற்றைக்குழலைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. "யாருக்குக் குடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"கமாண்டோவுக்குத்தான்" என்றார் மோதிரக்காரர்.

மணவூர்க்காரர் மெதுவாக எழுந்து, கார்பைனை வாங்கி, பழைய சினேகிதனைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிக்கொடுத்தார். "ஒயர்லெஸ் தூக்கறவன், சமைக்கறவன், வண்டி ஓட்றவன், இவங்களுக்குத்தாங்க. சுடறதைத் தவிர வேற வேலை இருக்கறவனுக்கு இப்பிடி லேசா ஒண்ணு குடுப்பாங்க. எனக்கும் குடுத்தாங்க, நான் லாரி ஓட்டிக்கினு இருந்தேன்."

வடை

மாந்தோப்புக்காரர் ஒருவர் நிஜமாகவே வாங்குகிற எண்ணத்தோடு வந்தார். பாவா உற்சாகமாகிவிட்டார். முள்ளுக்காட்டில் குனிந்து போகும்போது கிளையில் மாட்டாது, சட்டென்று தோளுக்கு வரும், ஓடும்போது இடிக்காது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். எங்கள் மலைக் குரங்குகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது என்னவென்று சொல்ல வேண்டாம். ஷட்டர் ஓரமாக ஒன்று உள்ளே வந்தது, மேஜைமேல் இருந்த பாவாவின் டிபன் பொட்டலத்தை எடுத்தது, அங்கேயே உட்கார்ந்து பிரித்தது.

பாவா கையிலிருந்த காலிக் கார்பைனைத் தடிபோல் ஓங்கினார். குரங்கு வடையை இரண்டாக்கி, ஒரு பாதியை வாயில் போட்டு, மறு பாதியைச் சட்னியில் தொட்டது. எங்களைச் சுற்றிச் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். பாவா ஒரு அடி முன்னே வைத்தார். குரங்கு பல்லைக் காட்டியது. பாவா ஒரு அடி பின்னே வைத்தார். கடைசியில் பேக்கரிக்காரர் வந்து ஒரு குவளைத் தண்ணீரை வீசின பிறகுதான் அது போயிற்று.

மாந்தோப்புக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கொரங்கே மதிக்கலையே பாவா, அப்பறம் பன்னி எங்க மதிக்கப்போவுது?"

வேப்பமரம்

எல்லாரும் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டுப் போன கார்பைனைக் கடைசியில் முனிரத்தினம்தான் வாங்கினார். அனுமதியெல்லாம் வந்து சேர்ந்தபோது அவர் நிலத்தில் வேர்க்கடலை பிஞ்சு பிடித்திருந்தது, பன்றிகளும் வந்திருந்தன. பாவா அவரைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "பன்னி மேல கூடாது. ஆகாசத்துலயும் வேணாம், தோட்டா எங்கனா போய் எவன் தலையிலனா எறங்கும். பக்கத்துல இருக்கற மண்மேட்டுல சுடுங்க. சத்தத்துக்கே ஓடிடும்." முனிரத்தினம் எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டினார்.

பொழுது சாய்கிற நேரம். கஸ்தூரியம்மா மோட்டாரை நிறுத்துவதற்காகப் பம்புசெட்டுப் பக்கம் போயிருந்தார். முனிரத்தினம் பரணில் உட்கார்ந்திருந்தார். தாய்ப்பன்றி ஒன்று குட்டிகளோடு வரப்பைத் தாண்டி இறங்கியது. இவர் சொன்னபடியே மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். அப்பாவின் இரட்டைக்குழல் என்றால் இடி விழுந்த மாதிரி இருக்கும். இது குக்கர் மூடி விழுந்த மாதிரி 'டப்' என்றது. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடியும் தோண்ட ஆரம்பித்தது. அடுத்த தோட்டா சிக்கிக்கொண்டது. இவருக்கு ரோஷம் வந்து, கார்பைனைத் தோளில் மாட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே பரணை விட்டு இறங்கிவிட்டார்.

குட்டி வைத்திருக்கிற பன்றியிடம் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. பன்றி நேராக வந்தது. வரப்பில் விழுந்தார், முழங்கை கிழிந்தது, எழுந்து ஓடி எதிரே இருந்த வேப்பமரத்தில் ஏறிவிட்டார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. சத்தம் கேட்டு கஸ்தூரியம்மா டார்ச்சோடு வரப்புமேல் ஓடிவந்தார். மரத்தடியில் நின்ற பன்றி வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. "வராதேன்னு கத்தணும்னு பார்க்கறேன் சார், அதுக்குள்ள பன்னி திரும்பிக்கிச்சி" என்று முனிரத்தினம் பிறகு என்னிடம் சொன்னார். அந்த அம்மாள் அப்படியே நின்றாராம். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து, பம்புசெட்டுப் பக்கம் நின்ற டிராக்டரில் ஏறி, வண்டியைக் கிளப்பி, விளக்கு போட்டு, ஹாரனை அழுத்தின கையை எடுக்காமல் நிலத்துக்குள்ளேயே விட்டிருக்கிறார். பன்றியும் குட்டிகளும் மலைப்பக்கம் ஓடிப்போயின. பன்றி தின்றதைவிட டிராக்டர் நசுக்கின கடலை அதிகம்.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். முனிரத்தினத்தின் முழங்கையில் கட்டு. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கார்பைனை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னா சார் சொல்றீங்க? சிக்கிக்கின தோட்டாவை எடுத்துக் குடுங்க, போதும். இதுமேரி துப்பாக்கி உலகத்துலயே கெடையாது. எங்கப்பாவோடதா இருந்தா கீழ போட்டுட்டுத்தான் மரம் ஏறியிருக்கணும். இது தோள்ல இருக்கறதே தெரியல."

கஸ்தூரியம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பாவா கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆங், நெசந்தாங்க. என்னைக் கீழ வுட்டுட்டு அதை மேல தூக்கினு போயிட்டாரு."

அதனால் இப்போதெல்லாம் கார்பைன் வேட்டைக்கு ஆகுமா என்று யார் கேட்டாலும் பலகையைக் காட்டிவிட்டு நன்றாக உதவும் என்று சொல்லிவிடுகிறேன், வேட்டையில் யார் யாரைத் துரத்துவார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.