மூச்சுவிடக் கூடாது என்றார் தலைவர்

ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். எல்லோருக்கும் ‘டிரைவிங் அக்கா’. எதிரே லாரி வந்தாலும் பக்கத்து இருக்கையில் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார். பத்திரிகை என்றால் மட்டும் அவருக்குப் பயம். கணவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தை செய்தியாகி, கணவரின் வேலையே போனதைக் கூட இருந்து பார்த்தவர். பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானபோதுகூட, போட்டோ எடுக்க வந்தவரைக் கண்டதும் பின்வரிசைக்கு நழுவிவிட்டார்.

பள்ளியில் தண்ணீர் குடித்த பிள்ளைகள் சிலர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, பத்திரிகைக்காரர்களிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று குழுத் தலைவர் உத்தரவு போட்டார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ‘பதில் சொல்ல நிர்வாகம் மறுப்பு’ என்று வந்தது. ஊர் அதற்குக் கண் காது மூக்கு வைத்தது. மதியத்துக்குள் ஒரு குழந்தை செத்தேபோய்விட்டதாகப் பேச்சு. பெற்றோர் பள்ளியின் கேட்டைப் பிடித்து உலுக்க, உள்ளே சின்ன வகுப்புப் பிள்ளைகள் மிரண்டு அழுதார்கள். காரிலிருந்து பார்த்த அக்கா வண்டியை ஓரங்கட்டினார். தலைவருக்குப் போன் போட்டார்.

“சார், நீங்க பேசுங்க. இல்லன்னா நான் பேசிடறேன்.”

“பேசும்மா. நாளைக்கு உன் தலை உருளும்போது என்னைக் கூப்பிடாதே.”

பத்திரிகை அலுவலகம் மாடியில். அக்கா படியேறினார். நிருபர் இளம்பெண், நாற்காலியிலிருந்த பழைய பத்திரிகைகளைத் தள்ளி இடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும், எல்லாப் பிள்ளைகளும் உயிரோடு இருப்பதாகவும், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் அக்கா சொன்னார். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று அவள் கேட்டாள்.

“தெரியல. தெரியலன்னே எழுதுங்க. விசாரிச்சுச் சொல்றேன்.”

பிள்ளைகளின் பெயரைக் கேட்டபோது மட்டும் தலையாட்டி மறுத்துவிட்டார். எழுதியதை அவள் வாசித்துக் காட்டியபின்தான் கீழே இறங்கினார்.

காலையில் பத்திரிகையைப் பிரிக்கவே கை வரவில்லை. உள்ளே சொன்னது சொன்னபடி இருந்தது. தலைப்புதான் வேறு மாதிரி: ‘தொட்டி கழுவியது எப்போது? தெரியாது என்கிறார் உறுப்பினர்’. கணவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். முகம் தெரியாத ஒருவர் போனில் கண்டபடி திட்டினார். வண்டி கற்க வருபவர்கள் சிலர் அன்று வரவில்லை. ஆனால் பள்ளி கேட்டில் கூட்டம் இல்லை. பிள்ளைகள் கையில் வீட்டுத் தண்ணீரோடு உள்ளே போனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எல்லாரும் வீடு திரும்பியபின் சோதனை முடிவு வந்தது. கோளாறு தொட்டியில்தான். கொஞ்ச நாள் ஆறப்போடலாம் என்றார் தலைவர். அக்காவுக்கு முன்பைவிடப் பயம். ஆனாலும் பெற்றோரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கையோடு நிருபருக்கும் அவரே போன் செய்தார்.

“முடிவு வந்துடுச்சும்மா. நல்ல சேதி இல்ல. பெத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். தொட்டியக் கழுவி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம், அதையும் எழுதிக்கோங்க.”

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. இனிமேல் பத்திரிகைக்கு யார் பேசுவது என்ற கேள்வி வந்ததும் எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லவில்லை.