நட்டின் மேல் சிவப்புப் பொட்டு

மெக்கானிக் சிரித்த முகமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உர்ரென்று இருந்தால் இன்னும் அதிகமாக வரும். காரணம் இருக்கிறது. தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைச் சர்வீசுக்கு விட்டபோது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத என் பேட்டரியைக் கழற்றிவிட்டு எவனுடைய செத்த பேட்டரியையோ மாட்டி அனுப்பினார்கள். போய்க் கேட்டதற்கு, "நீங்க கொண்டாந்ததே இதுதான சார்" என்றான் ஒருவன், கொஞ்சமும் கூசாமல். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

ஆனால் சேர வேண்டி வந்தது. நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். மனைவிக்குக் குமுளியில் வங்கி வேலை. தினமும் மலைப்பாதையில் அவளேதான் காரை ஓட்டிப் போவாள். ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியவள், "முன்பக்கம் இடது சக்கரத்துல லொடலொடன்னு சத்தங்க. வளைவுல திருப்பவே பயமா இருக்கு" என்றாள். பயம் என்று சொல்லுகிற ஆள் இல்லை அவள்.

உத்தமபாளையத்தில் ஒரு பாய் பட்டறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு திறந்திருக்கும். மறுநாள் கிளம்புவதற்கு முன் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, கைக்கு எட்டிய ஒவ்வொரு சாமானிலும் நட்டிலும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தேன். மாற்றினால் பொட்டு இருக்காது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் அல்லவா?

"சார், போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் பாய்.

"டீ எனக்கு ஆகாது" என்றேன். நாளுக்கு ஆறு டீ குடிக்கிறவன் நான். ஸ்டூலைப் போட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ்ஷை மாற்றினார். பழையதை என்னிடமே கொடுத்தார். உள்ளே இருந்த சாமான் என்பதால் அதில் நான் பொட்டு வைத்திருக்கவில்லை; அது என் வண்டியினுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துத் தந்துர்றேன் சார்."

ஓகோ, அங்கே கொண்டுபோய்த்தான் கைவரிசையா! "வேண்டாம், நானே பாத்துக்கிறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். நாளைக்குக் கேஸ் போட வேண்டியிருந்தால் உதவுமே என்று பில்லில் என் போன் நம்பரையும் முழு விலாசத்தையும் எழுதவைத்தேன்.

வழியில் சத்தம் இல்லை. வீட்டில் குனிந்து பார்த்தேன். பொட்டெல்லாம் அப்படியே இருந்தது. ஏமாற்றப்படவில்லை என்பதே எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்ன புத்தியோ! சாயந்தரம் பாய் மூன்று முறை போன் செய்தார். எதையாவது சொல்லி இன்னும் கறக்கப் பார்க்கிறார் என்று நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மனைவி சாப்பாட்டுப் பையோடு கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பாய்.

"மேடம், வண்டிய எடுத்துராதீக!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நட்டுல இருந்த அந்தச் சிவப்புப் பொட்டு யாரு வச்சது?"

"நான்தான்" என்றேன்.

"முறுக்கி முடிச்ச நட்டுலதான் நாங்க பெயிண்ட்டுப் பொட்டு வைப்போம். வேற பட்டறையில டைட் பண்ணிட்டாக போலன்னு அதுல நான் ஸ்பானரே போடல. சாயந்தரம் எம் மக நகத்துல பூசிக்கிட்டு இருந்தா. அதே மினுமினுப்பு. பெயிண்ட்டு அப்பிடி மினுங்காதே சார்! போன் போட்டா நீங்க எடுக்கல. பில்லுல விலாசம் இருந்துச்சு, வந்துட்டேன்."

அங்கேயே சக்கரத்தைக் கழற்றினார். நான் பொட்டு வைத்த ஒரு பெரிய நட்டில் ஸ்பானரைப் போட்டார். அது எந்த இறுக்கமும் இல்லாமல் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. மனைவி அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறுக்கி முடித்ததும், "மேடம், அந்தப் பாட்டில் இருக்கா?" என்று கேட்டார். அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். என்னைத் தாண்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் மற்ற நட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இப்பவாச்சும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரவா சார்?"

இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தேன். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கார் தெருமுனை திரும்பியது. "என்ன, பின்னாடியே ஓடலையாக்கும்?" என்றாள் மனைவி. கேலிதான். ஆனால் கார் திரும்பி வரும்வரை சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்து நின்றாள்.